குவேக்கர் பயண ஊழியத்துக்கு அழைப்பு வந்தால்: தொடங்குவது எங்கே, சான்று வாங்குவது எப்படி

சில வாரங்களாக ஒரு பாரம் உங்களை விடவில்லை. மௌன ஆராதனையில் கண்ணை மூடினால் ஒரு ஊரோ ஒரு கூடுகையோ முன்னே வந்து நிற்கிறது. அங்கே போய் அவர்களோடு உட்கார வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஊரில் சபையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு அடுத்த படி என்னவென்று தெரியும்: போதகரிடம் சொல்வோம், ஜெபக் குழுவில் சொல்வோம், கூட்டத்துக்குத் தேதி குறிப்போம். குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவச் சமயப் பிரிவினர், தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொள்வார்கள். அவர்களில் மௌனத்தில் ஆராதிப்பவர்களிடம் போதகர் கிடையாது. விண்ணப்பப் படிவமும் கிடையாது. ஆனால் நடைமுறை உண்டு, அதுவும் கறாரான நடைமுறை. அதை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. ஒரு கதவைத் தட்டி, அங்கே கேட்டுத்தான் அடுத்த கதவு எங்கே என்று தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், போதகர் இல்லாமல் கூடும் கூடுகைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். உள்ளூர்ச் சபைக்கு மாதக் கூடுகை என்று பெயர். அலுவல்களை மாதம் ஒருமுறை கவனிப்பதால் வந்தது. பக்கத்து மாதக் கூடுகைகள் சேர்ந்தது காலாண்டுக் கூடுகை. அவையெல்லாம் சேர்ந்தது ஆண்டுக் கூடுகை: பிலடெல்பியா, நியூ இங்கிலாந்து, நியூயார்க், பால்டிமோர் என்று. கூடுகையின் பொறுப்பாளர் கிளார்க். பிரிட்டனில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்: அங்கே முடிவெடுக்கும் அமைப்பு உள்ளூர்க் கூடுகை அல்ல, பல உள்ளூர்க் கூடுகைகள் சேர்ந்த ஏரியா மீட்டிங்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பயண ஊழியம் மிஷனரி வேலை அல்ல. ஆள் சேர்க்கப் போவதும் அல்ல. ஏற்கெனவே குவேக்கர்களாக இருப்பவர்களைத் தேடிப் போவது, அவர்களோடு ஆராதிப்பது, வீடுகளில் உட்கார்ந்து கேட்பது, சில சமயம் ஒரு பயிலரங்கு நடத்துவது, அவ்வளவுதான். குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் தொப்பி வைத்துச் சிரிக்கும் மனிதருக்கும் இந்தச் சமயத்துக்கும் தொடர்பு இல்லை என்பதையும் ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

1. டிக்கெட் வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும்

மூன்று மாதமாவது எழுதிவையுங்கள். என்றைக்கு அந்த எண்ணம் வந்தது, எங்கே இருந்தீர்கள், மனநிலை எப்படி இருந்தது, என்ன வந்தது என்று நாலு வரி போதும். பிறகு தெளிவுக் குழுவில், அதாவது உங்கள் அழைப்பைக் கேள்வி கேட்டுச் சோதிக்கும் சிலரோடு, உட்காரும்போது உங்கள் நினைவாற்றலைவிட இந்த நோட்டு நேர்மையாகப் பேசும்.

இப்படி உள்ளிருந்து வரும் தூண்டுதலுக்கு ஏவுதல் என்று பெயர். அதைச் சோதிக்கக் குவேக்கர்களிடம் பழைய அளவுகோல்கள் சில உண்டு. பொறுமை முதலாவது: உண்மையான ஏவுதல் தள்ளிப்போட்டாலும் சாகாது, அவசரப்படுத்தவும் செய்யாது. இரண்டாவது, அதனால் உங்களுக்குள் விளைவது என்ன என்பது. அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஆவியின் கனியைச் சொல்லும் கலாத்தியர் 5:22 தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மூன்றாவது, உங்கள் சொந்த ஆசைக்கு அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பது. நான்காவது, மற்றவர்களின் ஒருமனம். இந்த நான்காவதை வீட்டில் தனியாக இருந்து சோதிக்க முடியாது என்பதால்தான் மீதி நடைமுறை முழுவதும்.

நோட்டைப் புரட்டும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். அலுவலகத்தில் சண்டை நடந்த வாரங்களில் மட்டும் பாரம் கூடுகிறதா? அப்படியானால் உங்களுக்கு வேண்டியது விடுமுறை. மனக்கண்ணில் உங்களைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து கேட்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள். குறிப்பிட்ட ஒரு கூடுகை வழிதவறிவிட்டது, போய்த் திருத்த வேண்டும் என்ற எண்ணம் நடுவில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த மனநிலையோடு போகிறவரைக் கூடுகைகள் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளும்.

வந்த செய்தி யாருக்கு என்பதும் பெரிய கேள்வி. உங்களுக்கு மட்டுமான செய்தியாக இருக்கலாம். உங்கள் சொந்தக் கூடுகைக்கானதாக இருக்கலாம். அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும், எங்கேயும் போக வேண்டியதில்லை.

2. முதலில் யாரிடம் வாய்திறப்பது

ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் எழுந்து சொல்லாதீர்கள். எல்லோரும் அன்பாகத் தலையாட்டுவார்கள், அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வீர்கள், ஆனால் அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. முதலில் கூடுகையில் பழுத்த ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். பிறகு ஆராதனையையும் ஊழியத்தையும் கவனிக்கும் குழுவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். இந்த ஊழியக் குழுவின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். 'வொர்ஷிப் அண்ட் மினிஸ்ட்ரி' என்பார்கள், 'மினிஸ்ட்ரி அண்ட் கவுன்சில்' என்பார்கள்.

கடிதத்தில் என்ன வந்தது, எவ்வளவு காலமாக இருக்கிறது, யாரிடம் போகத் தோன்றுகிறது, குழுவிடம் என்ன கேட்கிறீர்கள் என்பவை போதும். கடைசியில், 'இதைச் சோதிக்க ஒரு தெளிவுக் குழு வேண்டும்' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்காவிட்டால், "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்று பதில் வரும். மாதம் ஒன்று போய்விடும். குழு பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கூடும் என்பதால், கடிதம் ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சேரட்டும்.

சின்னக் கூடுகையாக இருந்தால், குழுவில் உள்ளவர்கள் பயணச் சான்று, அதாவது ஊழியத்துக்கு ஒருவரை அனுப்பும் கூடுகை எழுதித்தரும் ஆவணம், எதையும் கண்ணால் பார்த்தே இராதவர்களாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர்கள் தயங்கினால் அது மறுப்பு அல்ல, நடைமுறை மறந்துபோயிருக்கிறது என்றுதான் பொருள். உங்கள் ஆண்டுக் கூடுகையின் 'ஃபெயித் அண்ட் பிராக்டிஸ்' கையேட்டில் பயண ஊழியம் பற்றிய பக்கத்தைப் பிரதியெடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். ஆண்டுக் கூடுகை அலுவலகத்திடம் மாதிரிச் சான்று கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் முறைப்படி உறுப்பினர்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் ஞாயிறுதோறும் போய்வந்தும் உறுப்பினராகப் பதியாதவர்கள் நிறையப் பேர். பயணச் சான்று பொதுவாக உறுப்பினர்களுக்குத்தான். உறுப்பினராவதற்கே தனியாக ஒரு தெளிவுக் குழு உண்டு, அதற்கும் சில மாதங்கள் ஆகும்.

3. உங்களுக்கு வேண்டியது சான்றா, அறிமுகக் கடிதமா?

இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். வேறு வேலையாக ஒரு ஊருக்குப் போகிறீர்கள், போன இடத்தில் குவேக்கர்களைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்றால் அறிமுகக் கடிதம் போதும். "இவர் எங்களவர், எங்கள் அன்பைக் கொண்டுவருகிறார்" என்பதே அதன் சாரம். கிளார்க் எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். போகிற இடத்தார் உங்களுக்கு எந்தக் கடமையும் பட்டவர்கள் அல்ல.

பயணச் சான்று வேறு. 'டிராவல் மினிட்' என்று இங்கே சொல்வார்கள். உங்கள் ஏவுதலைக் கூடுகை முழுவதும் சோதித்து, தன் பொறுப்பில் உங்களை அனுப்புகிறது என்பதற்கான ஆவணம் அது. போகிற இடத்தில் நீங்கள் தவறாகப் பேசினால் அவர்கள் உங்கள் கூடுகைக்கு எழுதலாம், எழுதவும் செய்வார்கள். பயணத்தின் முழு நோக்கமும் ஊழியமாக இருந்தால் மட்டுமே இதைக் கேளுங்கள். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு டெக்சாஸ் போகும்போது இடையில் இரண்டு கூடுகைக்குப் போவதற்குக் கடிதம்தான் சரி.

4. தெளிவுக் குழு

நடைமுறையின் இதயம் இதுதான். நாலைந்து பேர் உங்களோடு இரண்டு மூன்று மணி நேரம் மௌனத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அவர்கள் புத்தி சொல்லக் கூடாது, தங்கள் கதையைச் சொல்லக் கூடாது, விடையை ஒளித்துவைத்த கேள்வி கேட்கக் கூடாது. "முதலில் பக்கத்து ஊருக்குப் போய்ப் பார்க்கலாமே?" என்பது கேள்விக்குறி போட்ட புத்திமதி. "பக்கத்து ஊரை நினைத்தால் என்ன தோன்றுகிறது?" என்பது கேள்வி. கேள்விக்கும் விடைக்கும் நடுவே நீண்ட மௌனம் இருக்கும். அதை நிரப்ப முயலாதீர்கள்.

பெயர்களை நீங்கள் பரிந்துரைக்கலாம், நியமிப்பது ஊழியக் குழு. உங்கள்மீது பிரியம் வைத்தவர்களை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் 'சரி' என்றுதான் சொல்வார்கள். பிறகு அலுவல் கூட்டத்தில் முதல்முறையாகக் கடினமான கேள்வி வரும்போது நீங்கள் திகைத்து நிற்க வேண்டியிருக்கும். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவராவது குழுவில் இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சூழலை அறிந்த ஒருவர், ஏற்கெனவே ஊழியத்தில் பயணம் செய்த ஒருவர் இருந்தால் நல்லது. பயணம் செய்தவர் உங்கள் கூடுகையில் இல்லையென்றால் பக்கத்துக் கூடுகையிலிருந்து அழைக்கலாம்.

எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். கூடுகை வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு வருத்தம் வருமா, நிம்மதி வருமா? போன இடத்தில் மூன்று பேர் மட்டும் வந்தால்? நீங்கள் பேசவே வேண்டாம், கேட்டால் போதும் என்றால் அப்போதும் போவீர்களா? இது எப்போது முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? இந்தச் செலவை யார் சுமப்பது? நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டில் யாருடைய வேலை கூடும்?

கடைசிக் கேள்விக்கு உங்களால் மட்டும் விடை சொல்ல முடியாது. அதனால் ஒரு அமர்வுக்குக் கணவரையோ மனைவியையோ அழைத்துவரச் சொல்லிக் கேளுங்கள், அவர் குவேக்கராக இல்லாவிட்டாலும். குழுவினர் கேட்க மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துங்கள். மனைவி முகம் சுளித்தபடி வழியனுப்பிய பயணத்தில் ஊழியம் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று அமர்வுகள் ஆகலாம். முடிவில் குழு ஊழியக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்கும். விடை 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் இருக்காது. 'ஆம், ஆனால் அடுத்த ஆண்டு', 'ஆம், ஆனால் பத்து ஊர் அல்ல, இரண்டு ஊர்', 'இது இவருடைய பாரம்தான், ஆனால் பயணத்தால் தீர்வது அல்ல' என்றெல்லாம் வரும். இந்த விடைகளைக் குறைவாக எடைபோடாதீர்கள். உங்களைத் தடுத்து நிறுத்தத் தெரியாத குழு கொடுக்கும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு?

5. வேலையும் விசாவும்

மற்ற குவேக்கர்களுக்கு இல்லாத தலைவலி, இந்தியாவிலிருந்து வந்த நம்மில் பலருக்கு இங்கேதான். இந்த விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர், மனுச் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. போய்ப் பார்ப்பதும் ஆராதிப்பதும் வேலை அல்ல. ஆனால் பயிலரங்கு நடத்தினால் சில இடங்களில் அன்பளிப்பாக ஒரு காசோலை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பணம் என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும், குடியேற்ற வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாட்டைவிட்டு வெளியே போகும் பயணமென்றால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் தூதரகத்தில் புதிய முத்திரை வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பு எந்தப் பயணத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும். கனடா பக்கத்து வீடு மாதிரித் தெரியும், உங்களோடு வரும் அமெரிக்க நண்பர்களுக்கு அது பக்கத்து வீடேதான். இந்தியப் பாஸ்போர்ட்டும் எச்-1பியும் வைத்திருப்பவருக்குக் கனடாவின் பார்வையாளர் விசா வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் அதையும் செல்லத்தக்க பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும். பிரிட்டனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர் விசா எடுத்தே ஆக வேண்டும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் நீண்ட பயணம் போனால்: தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கல் வரும். ஓராண்டோ அதற்கு மேலோ ஆகுமென்றால் மறுநுழைவு அனுமதிக்கு ஐ-131 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதை அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

பயணச் சான்று குடியேற்ற அதிகாரிக்கு எந்த வகையிலும் விசா ஆவணம் அல்ல. அழைப்புக் கடிதத்தோடு அதன் பிரதியையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

6. அலுவல் கூட்டத்தில் ஒருமனம்

தெளிவுக் குழு ஒப்பினால், ஊழியக் குழு விஷயத்தை மாதக் கூடுகையின் அலுவல் ஆராதனைக்குக் கொண்டுபோகும். வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் கேட்டு, பேசி, மௌனத்தில் இருந்து, கூடுகையின் மனம் எங்கே நிற்கிறது என்பதைக் கிளார்க் சொல்லிப் பார்ப்பார். அதை அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்து, அங்கேயே ஒப்புவார்கள். யாராவது, "அந்த நண்பர் என் மனதைப் பேசினார்" என்றால் அதை ஆதரவு வாக்காக எண்ணாதீர்கள். பத்துப் பேர் ஆதரித்து ஒருவர் தயங்கினாலும் கிளார்க் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். ஒருவர், "எனக்கு இதில் ஒருமனம் இல்லை, ஆனால் வழியில் நிற்கவில்லை" என்று ஒதுங்கினால் விஷயம் நகரும். அவர் ஒதுங்காவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

பல கூடுகைகள் முதல் மாதம் கேட்டுக்கொள்வதோடு நிறுத்தி, இரண்டாம் மாதம்தான் முடிவெடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் அலுவல் கூட்டமே நடத்தாத கூடுகைகளும் உண்டு. ஜூனில் தள்ளிவைத்தால் செப்டம்பர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றிப் பேசும்போது உங்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம். மனம் நோக வேண்டாம், அது வழக்கம்.

7. சான்றின் வாசகம்

வரைவை நீங்களே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கூடாது, ஊழியக் குழு எழுதட்டும், நீங்கள் தகவலை மட்டும் கொடுங்கள். உங்கள் கைப்பட எழுதினால் அது விண்ணப்பமாகத்தான் ஒலிக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்றாலும், உள்ளடக்கம் இப்படி வந்தால் எதுவும் விடுபடாது:

"அன்புள்ள நண்பர்களே, எங்கள் மாதக் கூடுகையின் உறுப்பினர் இன்னார், இன்ன வட்டாரத்தில் உள்ள கூடுகைகளுக்கு வந்து, இன்ன பாரம் குறித்து உங்களோடு ஆராதிக்கவும் உங்களுக்குச் செவிகொடுக்கவும் ஏவப்படுவதாக எங்களிடம் தெரிவித்தார். தெளிவுக் குழு அவரோடு கூடி இதைச் சோதித்தது. இன்ன நாளில் நடந்த அலுவல் ஆராதனையில் நாங்கள் இதில் ஒருமனப்பட்டோம். இன்னார் அவருக்குத் துணையாக வருகிறார். இந்தச் சான்று இன்ன நாள்வரை செல்லும். அவருடைய வருகை உங்களிடையே எப்படி இருந்தது என்று இதன் பின்பக்கத்தில் எழுதித் தாருங்கள். இப்படிக்கு, கிளார்க்."

ஒரே பக்கத்துக்குள் இருக்கட்டும், பின்பக்கம் காலியாக இருக்கட்டும். உங்கள் படிப்பு, பதவி, புகழ்ச்சி எதுவும் வேண்டாம். முடிவுத் தேதி இல்லாத சான்றை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பாரம் ஓய்ந்த பிறகும் கையில் தாள் இருந்தால் அதைப் பயன்படுத்தத் தோன்றும்.

8. மேல் ஒப்புதலும் காலக் கணக்கும்

பக்கத்துக் கூடுகைகளுக்குள் பயணமென்றால் மாதக் கூடுகையின் சான்று போதும். உங்கள் ஆண்டுக் கூடுகைக்கு வெளியேயோ வெளிநாட்டுக்கோ போவதென்றால், காலாண்டுக் கூடுகையும் ஆண்டுக் கூடுகையும் அதே சான்றில் ஒப்புதல் எழுதுவது முறை. காலாண்டுக் கூடுகை பெயருக்கேற்பச் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும். ஆண்டுக் கூடுகையின் பெரிய அமர்வு கோடையில். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் இடைக்காலத்தில் அலுவல் பார்க்கும் அமைப்பை அணுகலாம். நியூ இங்கிலாந்தில் அதற்கு 'பெர்மனன்ட் போர்டு', பால்டிமோரில் 'இன்டரிம் மீட்டிங்' என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பரில் கடிதம் கொடுத்தால் அக்டோபரில் ஊழியக் குழு எடுத்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் தெளிவுக் குழு. ஜனவரியில் அதன் அறிக்கை, பிப்ரவரியில் அலுவல் கூட்டத்தில் முதல் பேச்சு, மார்ச்சில் ஒப்புதல். உள்வட்டாரப் பயணமென்றால் ஏப்ரலில் கிளம்பலாம். மேல் ஒப்புதலும் வேண்டுமென்றால் கோடை தாண்டிவிடும். எனவே திரும்பப் பணம் கிடைக்காத விமான டிக்கெட்டை, கையெழுத்தான சான்று கைக்கு வரும்வரை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்பே வாங்கிவிட்டால், அந்தத் தேதிதான் உங்கள் ஏவுதலை நடத்தும்.

வெளிநாட்டுக் கூடுகைகளைக் கண்டுபிடிக்க, 1937இல் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் வேர்ல்ட் கமிட்டி ஃபார் கன்சல்டேஷன்' அமைப்பின் வழியே போவது நல்லது. அதற்கு ஆப்பிரிக்கா, அமெரிக்காக்கள், ஆசியா–மேற்குப் பசிபிக், ஐரோப்பா–மத்தியக் கிழக்கு என நான்கு பிரிவுகள் உண்டு. உலகில் மிக அதிகமான குவேக்கர்கள் இருப்பது கென்யாவில். அங்கே பெரும்பாலும் போதகர், பாடல், பிரசங்கம் எல்லாம் உண்டு. மௌனமாக உட்கார்ந்துவிட்டு வர முடியாது. வந்த விருந்தாளியைப் பிரசங்கம் செய்ய அழைப்பார்கள்.

9. பணம்

"சபை சம்பளம் தருமா?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்பார். தராது. காணிக்கைப் பையும் கிடையாது. ஆனால் ஏவுதலைக் கூடுகை ஏற்றுக்கொண்டால், பணமில்லை என்பதற்காகவே அது நின்றுபோக விடக் கூடாது என்பது பழைய நெறி. குவேக்கர்களுக்குப் பணத்தைப் பற்றி வாய்திறப்பது சங்கடம், நமக்கும் சங்கடம். இரண்டு சங்கடமும் சேர்ந்தால் கடன் அட்டையில் போய் முடியும். தெளிவுக் குழுவின் இரண்டாம் அமர்வுக்கே ஒரு பட்டியலோடு போங்கள்.

பட்டியலில் துணையாக வருபவரின் செலவையும் சேர்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விமானப் பயணமென்றால் தொகை இரட்டிப்பாகும். சுங்கக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு, சம்பளமில்லாத விடுப்பு, விசாக் கட்டணம் இவையும் வரட்டும். தங்குவது பெரும்பாலும் வீடுகளில் என்பதால் அதற்குப் பெரிய தொகை வேண்டாம்.

பணம் உங்கள் கூடுகையின் ஊழிய நிதியிலிருந்து வரலாம், ஆண்டுக் கூடுகையின் மானிய நிதியிலிருந்து வரலாம், அழைத்த கூடுகை ஒரு பகுதியைத் தரலாம். மானியங்களுக்குக் கடைசித் தேதி உண்டு, சான்றின் பிரதியையும் கேட்கலாம் என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள். எந்தத் தொகையும் கூடுகையின் பொருளாளர் வழியாகவே வரட்டும், ரசீது கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்கு நன்கொடை திரட்டுவது வரியிலும் விசாவிலும் வம்பு, கூடுகையின் மேற்பார்வையும் அதில் அறுந்துவிடும்.

யாரும் ஈடுகட்டாத செலவை வருமான வரியில் தொண்டுக் கழிவாகக் காட்ட வாய்ப்பு உண்டு, கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கணக்குக் கொடுப்பவராக இருந்தால். சொந்தக் காருக்குத் தொண்டுப் பயண விகிதம் மைலுக்கு 14 சென்ட் என்று சட்டத்திலேயே நிர்ணயித்திருக்கிறார்கள். போகவர 600 மைல் என்றால் 84 டாலர். பெரிதாக நம்ப வேண்டாம்.

உபசரிப்பவர்களின் செலவையும் யோசியுங்கள். 18ஆம் நூற்றாண்டில் நியூஜெர்சியின் குவேக்கர் தையல்காரர் ஜான் உல்மன் அடிமைமுறைக்கு எதிரான பாரத்தோடு தெற்கே பயணம் செய்தபோது, அடிமைகளை வைத்திருந்தவர்களின் வீடுகளில் தங்க நேர்ந்தால், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். நம்மை வரவேற்கும் வீட்டின் வசதிக்கு விலை கொடுப்பது யார் என்று பார்க்கும் பழக்கம் அது.

10. துணை

தனியாகப் போகாதீர்கள். 1746இல் உல்மனின் முதல் நீண்ட பயணத்திலேயே ஐசக் ஆண்ட்ரூஸ் என்ற நண்பர் கூடப் போனார். துணை வருபவர் டிரைவரோ உதவியாளரோ அல்ல. நீங்கள் பேசும்போது மௌனத்தில் உங்களைத் தாங்குபவர், இரவில் "அந்தக் கடைசிப் பத்து நிமிடம் உங்களுடையது, ஏவுதலுடையது அல்ல" என்று சொல்லக்கூடியவர். அப்படிச் சொல்லத் துணியாதவர் எவ்வளவு நல்ல நண்பராக இருந்தாலும் வேண்டாம். அவர் பெயரையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள், அல்லது அவருடைய கூடுகையிலிருந்து அவருக்குத் தனியாக ஒரு சான்று கேளுங்கள்.

பயணம் நீண்டதென்றால் ஊரில் இரண்டு மூன்று பேர் கொண்ட ஆதரவுக் குழுவும் வேண்டும். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச நேரம் குறித்துவிட்டுக் கிளம்புங்கள். பயணத்தில் சிறுவர்களோடு வேலை இருந்தால், பின்னணிச் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள். அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

11. போன இடத்தில்

போகவிருக்கும் கூடுகையின் கிளார்க்குக்கு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள், சான்றின் பிரதியோடு. "எங்களுக்கு இப்போது வசதிப்படாது" என்றால் அதுவும் வழிகாட்டுதலே, வற்புறுத்தாதீர்கள். என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிட மாட்டீர்கள், நாய் பூனை ஒத்துக்கொள்ளுமா என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். "எதுவானாலும் பரவாயில்லை" என்று நம் வழக்கப்படி எழுதினால் அவர்கள் அப்படியே நம்பி மாட்டிறைச்சி சமைத்துவைப்பார்கள்.

ஆராதனையின் முடிவிலோ அறிமுக நேரத்திலோ கிளார்க் கேட்டுக்கொண்டால் சான்றை வாசிக்கலாம். ஆராதனையில் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பேசாமல் போவதா என்ற உந்துதல் வரும். அது பயணச் செலவின் குரல். ஒன்றும் தரப்படாவிட்டால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வாருங்கள். தயாரித்த உரை பயிலரங்குக்கு மட்டும்.

உண்மையான வேலை பெரும்பாலும் பிற்பகலில்தான் நடக்கிறது: ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் மேஜையில், பாத்திரம் கழுவும் இடத்தில், தங்கும் வீட்டின் வரவேற்பறையில். ஒரு நாளில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே கேட்ட வீட்டுச் சண்டைகளையும் கூடுகைச் சண்டைகளையும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கிளம்பும் முன் கிளார்க்கிடம் சான்றின் பின்பக்கத்தில் எழுதி வாங்க மறக்காதீர்கள். பிறகு அஞ்சலில் பெற்றுக்கொள்ளலாம் என்று விட்டால் வராது.

12. திரும்பியதும்

அடுத்த அலுவல் கூட்டத்தில், அல்லது அதிகபட்சம் அதற்கு அடுத்ததில், சான்றைத் திருப்பிக் கொடுத்து அறிக்கை வாசியுங்கள். இரண்டு பக்கம் போதும்: எங்கே போனீர்கள், என்ன கண்டீர்கள், எது நடக்கவில்லை, எவ்வளவு செலவானது. ரசீதுகள் பொருளாளருக்கு. பின்பக்கத்தில் மற்றக் கூடுகைகள் எழுதியவை சத்தமாக வாசிக்கப்படும், இனிப்பில்லாத வரிகளும் சேர்த்து.

தெளிவுக் குழுவோ ஆதரவுக் குழுவோ இன்னொருமுறை உங்களோடு உட்காரும். பாரம் இறங்கிவிட்டது என்றால் அதைக் கூடுகையிலேயே சொல்லி முறைப்படி முடித்துவையுங்கள். இறங்கவில்லையென்றால் புதிய சான்றுக்கு முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த முறை வேகமாக நடக்கும், ஏனென்றால் குழுவுக்கு வழி தெரியும். பழைய சான்றின் தேதியை நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

சான்றின் மூலப் பிரதி கூடுகையின் ஆவணங்களோடு போய்விடும். பிலடெல்பியா வட்டாரத்துக் கூடுகைகளின் பழைய பதிவுகள் ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்டு கல்லூரிகளின் காப்பகங்களில்தான் இருக்கின்றன. எனவே கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மானிய விண்ணப்பத்தில் கேட்பார்கள்.